உன் மாமாவின் எஞ்சினுக்குச் சத்தம் வைத்தது பற்றி

ஸ்டோன் ரிட்ஜ், பென்சில்வேனியா
மார்ச் 14, 2007

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால், இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அம்மாவின் இடுப்பு மழையை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது, டிவிக்காரனைவிடச் சரியாக. என் மூச்சு பழையபடிதான். வேகன் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பெயிண்ட் அடித்ததற்கு நெஞ்சுக்குள் வந்து சேர்ந்த பரிசு அது, திருப்பிக் கொடுக்க முடியாது. மாடிப்படியில் ஐந்தாம் படிக்கு ஒரு விசில், ஒன்பதாம் படிக்கு ஒரு நிறுத்தம். நாய் நலம். உன் மாமா எமிலின் நலத்தை இனி நாம் விசாரிக்கும் இடத்தில் அவர் இல்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? டாக்டர் சொன்னபடி இடது பக்கமாகவே படுக்கிறாயா? அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ போனில் அழுததை அம்மா சொன்னாள். ஏழாம் மாதத்தில் டகோமாவிலிருந்து விமானம் ஏறி இங்கே வந்து விழுந்திருந்தால் உன் மாமா பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உன்னைத் திட்டியிருப்பார். "நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறா, படிக்கறதுக்கு ஏதாவது எழுதிப் போடுங்க, சுருக்கமா எழுதாதீங்க" என்று அம்மா உத்தரவு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிப்போனது உனக்குத் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதை அதற்குப் பிறகுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல, எனக்கு அது வராது.

நீ கிறிஸ்துமஸுக்கு உன் மாமாவுக்கு அனுப்பிய சத்தச் சர்க்கிட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என்ன ஆயிற்று என்று பிப்ரவரியில் நீ நான்கு தடவை கேட்டாய், நான்கு தடவையும் நான் வானிலை சொன்னேன். இப்போது உள்ளதை எழுதுகிறேன்.

உன் மாமாவுக்குச் சர்க்கரை முதலில் கால் விரலை எடுத்தது, பிறகு பாதத்தை, பிறகு இரண்டு கண்ணையும். இது உனக்குத் தெரிந்தது. தெரியாதது என்னவென்றால், பார்வை போன பிறகும் இங்கே நம் வீட்டில் தினம் காலையில் அந்தப் பித்தளை எஞ்சினை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். வாலிபத்தில் ஐந்து வருஷம் மலை லைனில் அவர் கரி அள்ளிப் போட்ட அதே எஞ்சின், எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி. அறுபத்தெட்டில் வாங்கியது. முப்பத்தொன்பது வருஷம் அது ஊமையாகவே ஓடியது, அவரும் குறை சொன்னதில்லை. கண் இருக்கும் வரை சத்தத்தை அவரே மனதுக்குள் போட்டுக்கொண்டார். கண் போன பிறகு சாப்பாட்டு மேசைமேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டு நான் ஓட்டினால், "மாப்ள, இப்ப எங்க போகுது? மாப்ள, நின்னுடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் ரேடியோ வர்ணனைக்காரன் மாதிரி, உப்பு ஜாடியைத் தாண்டுகிறது, ஜன்னல் பக்கம் வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். உன் பொட்டலம் வந்த அன்று பிரித்துக் கையில் வைத்தேன். சூயிங்கம் துண்டு அளவு. ஒன்பது வயர், ஒவ்வொன்றும் முடி மாதிரி. "மார்லா அனுப்பியிருக்கா மச்சான், இத வச்சா எஞ்சின் மூச்சு விடும், விசில் அடிக்கும்" என்றேன். ஒன்பது வயரையும் விரலால் எண்ணிப் பார்த்தார். "அப்ப நீ வாய மூடிக்கலாம்" என்றார்.

வைப்பதில் ஒரே ஒரு விதிதான். கூட வந்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தான்: மோட்டாரின் இரண்டு முனையும் எஞ்சின் உடம்பில் எங்கேயும் படக் கூடாது. இந்தப் பழைய பித்தளை எஞ்சின்களில் ஒரு முனை உடம்போடு ஒட்டியேதான் இருக்கும். அதைப் பிரித்து நடுவில் மின்சாரம் போகாத ஏதாவது வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு டேப் விற்கிறார்கள், கடை இருபது மைல். ஆனால் என் கைக்கு எட்டும் தூரத்தில் உன் மாமாவின் காலுக்குக் கட்டுப்போடும் பிளாஸ்திரி ஒரு டப்பா நிறைய இருந்தது. மனிதனுக்கு ஒட்டுவது எஞ்சினுக்கு ஒட்டாதா? ஒட்டியது. பின்னால் இருக்கும் கரிப்பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்தேன். கரிக் குவியலில் நான்கு ஓட்டை போட்டேன், மூன்று நேராக வந்தது. ஜனவரி பதினேழாம் தேதி மதியம் மேசைமேல் வைத்துக் குமிழைத் திருகினேன். நீராவி சீறும் சத்தம் வந்தது, மார்லா. கையில் முடி எழுந்து நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நான் விசில் பொத்தானை அழுத்தினேன். மாமா கட்டிலில் படுத்தபடியே முகத்தைச் சுளித்தார்.

"இது யாரோட விசில்?"

"எஞ்சினோட விசில் மச்சான்."

"எங்க எஞ்சினோடது இல்ல. இது சமவெளிக்காரன் விசில். ஒத்தக் கொரல்ல ஆடு கத்தற மாதிரி. எங்களது மூணு கொரல் சேர்ந்து வரும். மாப்ள, சாகப்போறவன் காதுல பக்கத்து ஊர்க்காரன் விசில ஊதாத."

சர்க்கிட்டுக்குள் பதினாறு விசில் இருக்கிறதாம். வேண்டியதைத் தேர்ந்தெடுக்க ஒரு எண்ணை எழுத வேண்டும், எஞ்சினுக்குச் சொந்தமாக ஒரு எண்ணும் கொடுக்க வேண்டும். அதற்கான கருவி வீட்டில் இல்லை, தீயணைப்பு நிலையத்துக்கு மேல்மாடியில் இருக்கும் மாதிரி ரயில் கிளப்பில் இருக்கிறது. போனேன். இங்கேதான் உன் அப்பா பேரெடுத்தான்.

அந்தக் கிளப்பில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு எண். கருவியில் அந்த எண்ணைப் போட்டால் அது மட்டும் காது கொடுக்கும், மற்றவை சும்மா நிற்கும். புது எண் கொடுப்பதற்கென்று மூலையில் ஒரு முழ நீளத்தில் தனித் தண்டவாளம் இருக்கிறது, அதில் ஒற்றை எஞ்சினை வைத்துத்தான் எழுத வேண்டும். சுவரில் சிவப்பில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அன்று அந்தத் தனித் தண்டவாளத்தின் மேல் செயலாளர் வெர்னின் சாண்ட்விச் இருந்தது. வெர்ன் கழிவறையில் இருந்தார். இன்னொருவன் சாண்ட்விச்சை நகர்த்துவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். பெரிய மேடையில் என் எஞ்சினை வைத்து, சுவிட்சை எழுதும் பக்கம் தள்ளி, எண்ணை எழுதினேன், விசிலையும் எழுதினேன். கோயில் ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு குழந்தைக்கு வைக்க வேண்டிய பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி, உள்ளே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அதே பெயரை வைத்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? மேடையில் அன்று இருபத்தாறு எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. இருபத்தாறும் கேட்டுக்கொண்டன. இருபத்தாறும் இனி உன் மாமாவின் எஞ்சின். எனக்கு அது தெரியாது. நான் நிம்மதியாகக் குமிழைத் திருகி விசில் பொத்தானை அழுத்தினேன்.

எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. பட்டறையிலிருந்து கிளம்பியது, சுரங்கத்திலிருந்து கிளம்பியது, எதிரும் புதிருமாக நின்றவை ஒன்றை ஒன்று பார்த்துக் கிளம்பின. சத்தம் வைத்த பதினொன்றும் சேர்ந்து மலை லைன் விசிலை ஊதின. நான் பதறிப்போய் நிறுத்துவதாக நினைத்து வலது பக்கம் திருகினேன். இடது பக்கம் திருகியிருக்க வேண்டும். கிளப் தலைவர் ஹார்லன் ஒன்பது வருஷம் உட்கார்ந்து கையால் செய்த எஞ்சின் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தது, எதிரே இன்னொன்று. பாலத்துக்குக் கீழே ஆறு வரைந்திருக்கிறார்கள். ஆற்றுக்கும் கீழே சிமெண்ட் தரை.

ஹார்லன் குனிந்து சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொப்பிக்குள் போட்டுக்கொண்டார். நானும் பொறுக்கப் போனேன், "தொடாத" என்றார். வெர்ன் வாசலில் வந்து நின்று மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாண்ட்விச்சை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"லென், நீ எமிலோட மச்சினன்றதால மெதுவா சொல்றேன்" என்றார் ஹார்லன். "வெளிய போ. எமில் இருக்கற வரைக்கும் வராத. அதுக்கப்புறமும் வராத."

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் மாமா சிரித்த சிரிப்பில் நர்ஸ் யெவெட் ஓடி வந்து ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டாள். "பதினொண்ணும் நம்ம விசிலா? மாப்ள, மலை லைன்ல ஒரே நேரத்துல அத்தனை எஞ்சின் யுத்தகாலத்துலகூட ஊதினதில்ல" என்றார். "அதக் கேக்க நான் அங்க இல்லாம போனேனே" என்றும் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. மொத்தக் கிளப்பும் கேட்டது, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

பிப்ரவரி முழுக்க அவருக்கு நிமோனியா. எஞ்சின் அலமாரியில் இருந்தது. மார்ச் ஒன்றாம் தேதி வியாழக்கிழமை யெவெட் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். ஐந்து வருஷமாக இந்த மாதிரி வீடுகளுக்குப் போய் வருபவள், சுற்றி வளைக்க மாட்டாள். "ஞாயிறு தாண்டினா பெருசு. யாராவது வரணும்னா வரச் சொல்லுங்க. ஏதாவது கேக்கணும்னா கேக்க வச்சிடுங்க. காது கடைசியாத்தான் போகும்" என்றாள். உள்ளே வந்தேன். எஞ்சினை எடுத்து மேசைமேல் வைத்தேன். விசில் சரியாக எழுதியாகிவிட்டது, இனி ஓட்ட வேண்டியதுதான். "மச்சான், கேளு" என்று திருகினேன். இரண்டு மூச்சு விட்டது. அந்த இரண்டு மூச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. அப்புறம் கரிக் குவியலில் நேராக வந்த மூன்று ஓட்டை வழியாகவும் கோணலாக வந்த ஒன்று வழியாகவும் நீலப் புகை வந்தது. கிளப்பில் அன்று ஓடிய ஓட்டத்தின் சூட்டில் பிளாஸ்திரிப் பசை இளகி நகர்ந்திருக்கிறது. ஒட்டக் கூடாத முனை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"ஏதோ கருகுதே" என்றார் மாமா.

"ரொட்டி வாட்டறேன் அண்ணா" என்றாள் அம்மா என்று எழுத ஆசை, அவள் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு அவள் தங்கை, "அண்ணா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாள். ரொட்டி என்று சொன்னவன் நான்தான்.

"ரொட்டிக்கு எப்பருந்து வயர் வாசனை?"

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். "ஏங்க, நாப்பது வருஷம் ஊமை எஞ்சின வச்சுக்கிட்டிருந்த மனுஷன் ஒண்ணே ஒண்ணு கேட்டான். இருபது மைல் போய் ஒரு டேப் வாங்க முடியலயா உங்களால?" என்றாள். நாற்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் அவள் அழுது நான் பார்த்தது மூன்று தடவை, இது மூன்றாவது. அவள் அழுதுகொண்டே முட்டைக்கோஸ் நறுக்கினாள், நான் நின்றுகொண்டே இருந்தேன்.

எப்படிச் சரிசெய்தோம் என்று கேட்காதே. வயர் சமாசாரம் எழுதினால் உனக்கு ரத்த அழுத்தம் ஏறும். வெள்ளிக்கிழமை முழுக்க நானும் அம்மாவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே வேலையாக இருந்தோம் என்று மட்டும் சொல்கிறேன். "உள்ள என்னய்யா நடக்குது?" என்று மாமா கேட்டார். "சமையல்" என்றாள் அம்மா. "என்ன சமையல், பன்னி கொறட்டை விடற மாதிரி?" என்றார்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஓட்டினோம். அப்போதுதான் நீ போன் செய்தாய், உனக்கே தெரியும். போனை மேசைமேல் வைத்தேன், நீயும் கேட்டாய். எஞ்சின் ஜன்னல் பக்கத்திலிருந்து மெதுவாகக் கிளம்பியது. முதலில் ஒவ்வொரு மூச்சாக, இடைவெளி விட்டு. பிறகு நான்கு நான்காக. உன் மாமா கண்ணை மூடிக்கொண்டார், மூடுவதற்கு அவசியமே இல்லாத கண்ணை. இடது கை போர்வைமேல் தாளம் போட்டது. தோள்பட்டை லேசாக அசைந்தது, யெவெட் ஏதோ வலி என்று எழுந்தாள், அம்மா சமையலறை வாசலிலிருந்து கைகாட்டி அவளைத் தடுத்தாள். அவர் கரி அள்ளிக்கொண்டிருந்தார்.

"நாலாவது அடி சுரத்தில்லாம வருது" என்றார். "வால்வு சரியா வைக்கல. எங்க எஞ்சினும் அப்படித்தான், நாலாவது அடி நொண்டும். எப்படி மாப்ள அதக்கூட வச்சாங்க?"

விசில் வந்தது. மலை வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போல, தூரத்தில். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். "விசில்ல லேசா கோயில் வாடை அடிக்குது. ஆனா எங்க விசில்தான்" என்றார்.

மூன்றாம் சுற்றில் எஞ்சினுக்கு இளைத்தது. சுற்றுக்கு ஒரு தரம் ஒரு அடி விட்டுப்போயிற்று. மாமா கையை உயர்த்தினார். "நிறுத்து. இதுக்கு மேல மேடு. தண்ணி இல்லாம ஏறினா கொதிகலன் போயிடும். பெர்னிஸ், எஞ்சினுக்குத் தண்ணி காட்டு" என்று உன் அம்மாவிடம் சொன்னார். மருந்து வேகத்தில் பேசுகிறார் என்று யெவெட் என்னிடம் கண்ஜாடை காட்டினாள். அம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். பிறகு அவர், "லைன் கிளியர். கிளம்பு" என்றார். எஞ்சின் கிளம்பியது, மேட்டின் உச்சிவரை ஏறியது. போனில் நீ, "அப்பா, நெஜமாவே மலை ஏறற மாதிரி இருக்குப்பா" என்று சொல்லி அழுதாய். நான் உனக்குப் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாயாம், அம்மா சொன்னாள். அந்த நேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

திங்கட்கிழமை விடிந்து காபி போட்டுக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். எஞ்சின் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

அடக்கம் வியாழக்கிழமை. கிளப்பிலிருந்து என்னைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள் என்று எழுத நினைத்தேன், ஆனால் நானும் இருந்தேன். பெட்டி தூக்க ஆறு பேர். முன்னால் ஹார்லன், பக்கத்தில் நான். படிக்கட்டில் இறங்கும்போது என் பக்கம் திரும்பாமல், "லென், இதையாவது கீழ போடாத" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவரும் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார், பெட்டி ஆடியது, பாதிரியார் எங்களை முறைத்தார். கோயில் அடித்தளத்தில் ஹாம், உருளைக்கிழங்கு சாலட், அம்மா வைத்த முட்டைக்கோஸ் நூடுல்ஸ். வெர்ன் மூன்று தட்டு சாப்பிட்டார், எழுந்து போகும்போதெல்லாம் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

மாமா எஞ்சினை உனக்கு எழுதி வைத்திருக்கிறார். மாமனுக்கு மருமகள் கொடுத்த சத்தம் அதிலேயே இருக்கட்டும், பிறக்கிற பிள்ளைக்குக் காட்டு என்று அம்மாவிடம் சொன்னாராம். பஞ்சு சுற்றி அடுத்த வாரம் அனுப்புகிறேன். நீ அனுப்பிய பரிசு வீணாகவில்லை, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. உள்ளே இருக்கும் குட்டிக்குப் பிறப்பு சுகமாகவும், உனக்குப் பிரசவம் அதைவிடச் சுகமாகவும் அமையட்டும் என்று அம்மா தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், நான் தீக்குச்சி எடுத்துக் கொடுக்கிறேன். இடது பக்கமாகவே படு.

இப்படிக்கு,
உன் அப்பா
லென்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனேன், அம்மா வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் திருப்பி வைத்தாள். "எஞ்சின் போய்ச் சேர்ந்ததும் அவ ஓட்டிப் பாப்பா. அப்ப என்ன சொல்லுவீங்க?" என்றாள். அதனால் சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் சத்தம் இல்லை. நீ அனுப்பியது அந்த வியாழக்கிழமையே கருகிப்போயிற்று, ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன். சனிக்கிழமை நீ கேட்டது நான். எஞ்சினைப் பழைய மோட்டாரோடு ஊமையாக ஓடவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தை வாயால் விட்டேன். நாலாவது அடி நொண்டியது என் நெஞ்சு. விசில் உன் அம்மா, வெட்கத்தில் சமையலறைக்குள் நின்றுகொண்டு, மாமாவின் காலி மருந்து பாட்டில்கள் மூன்றைச் சேர்த்துப் பிடித்து ஊதினாள். முப்பது வருஷம் கோயிலில் பாடியவள், வாடை அடிக்காமல் என்ன செய்யும்.

அவரை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர் வலது கை முதல் சுற்றிலிருந்தே என் முதுகில் இருந்தது, மார்லா. அம்மா கொண்டு வந்தாள் என்று எழுதினேனே, அந்தத் தண்ணீரைக் குடித்தவன் நான். முழுக்கக் குடித்து, மூச்சு ஒரு நிலைக்கு வரும் வரை அவர் கையை எடுக்காமல் காத்திருந்தார். பிறகு இரண்டு தட்டுத் தட்டினார். "லைன் கிளியர் மாப்ள. கிளம்பு. கரிய நான் பாத்துக்கறேன்" என்றார்.